ஓட்டோ வார்பர்க்

ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் 1883ஆம் ஆண்டு பிறந்த ஓட்டோ வார்பர்க், வேதியியலும் மருத்துவமும் கற்றுத் தேர்ந்தவர். செல்கள் சுவாசிக்கும் முறையை ஆராய்வதே அவரது வாழ்நாள் பணியாயிற்று. ஆக்சிஜன் போதிய அளவு இருந்தும், புற்றுநோய்ச் செல்கள் குளுக்கோஸைப் பெருமளவில் லாக்டிக் அமிலமாக மாற்றுவதை 1920களில் கண்டறிந்தார். சுவாச நொதி குறித்த ஆய்வுக்காக 1931இல் நோபல் பரிசு பெற்றார். தந்தைவழி யூத மரபினராதலால் நாஜி ஆட்சியில் 1941இல் பதவி இழந்தார். எனினும் விரைவில் ஆய்வகம் திரும்பினார்.

செல் சுவாசம் பழுதுபடுவதே புற்றுநோயின் மூலம் என்று, 1970இல் மறையும்வரை உறுதியாக நம்பினார். மரபணு மாற்றங்களே மூலம் எனப் பின்வந்தோர் நிறுவினர். அவரது விளக்கம் திருத்தப்பட்டது. ஆனால், கண்டறிந்த உண்மை நிலைத்தது. லாக்டிக் அமிலம் உருவாகத் துணைபுரியும் லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் நொதி, குடல், இரைப்பை, கணையப் புற்றுநோய்களில் மிகுந்து காணப்படுவதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.