கை கழுவச் சொன்ன மருத்துவர்

குழந்தை பிறந்ததும் காதில் பாங்கு சொல்ல நம்மை அழைக்கிறார்கள். மருத்துவமனைக்குப் போனால், உறவினர்கள் மாறி மாறிக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டிருப்பார்கள். கையைக் கழுவினீர்களா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்ற தயக்கம். அந்தக் கேள்வியைப் பெரிய மருத்துவர்களிடமே கேட்ட ஒருவரின் வாழ்க்கையை நாம் அறிந்துகொள்வது நல்லது.

இக்னாஸ் செம்மல்வைஸ் 1818-ல் ஹங்கேரியின் புடா நகரில் ஒரு மளிகை வணிகரின் மகனாகப் பிறந்தார். 1846-ல் வியன்னா பொது மருத்துவமனையின் முதல் பிரசவப் பிரிவில் உதவி மருத்துவரானார். அந்தப் பிரிவில் மருத்துவர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்தனர். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள். அந்த ஆண்டு மருத்துவச்சிகளின் பிரிவில் நூற்றுக்கு 3 தாய்மார்கள் அளவில் இறந்தனர். மருத்துவர்களின் பிரிவிலோ நூற்றுக்கு 11 பேர் பிரசவக் காய்ச்சலுக்குப் பலியாயினர். சிசுக்களும் தப்பவில்லை. முதல் பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று கர்ப்பிணிகள் கெஞ்சி அழுதார்கள்.

1847-ல் அவருடைய நண்பர் பேராசிரியர் கொலெச்கா, பிரேதப் பரிசோதனையின்போது விரலில் கத்தி பட்டு இறந்தார். அவர் உடலில் கண்ட அறிகுறிகள், இறந்த தாய்மார்களிடம் கண்டவையாகவே இருந்தன. உண்மை விளங்கிவிட்டது. பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வரும் கைகளே மரணத்தைச் சுமந்து வந்தன. அந்தக் கைகளில் தம் கைகளும் இருந்தன என்பதை அவர் மறைக்கவில்லை. அதை நினைத்து வருந்தினார்.

அந்த ஆண்டு மே மாதம், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பிறகே பிரசவம் பார்க்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த மரணம், ஜூனில் ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது.

ஆனாலும் பலர் ஏற்கவில்லை. கற்றறிந்த தங்கள் கையே உயிரைப் பறித்தது என்று ஒப்புக்கொள்ள மனம் இடம் தரவில்லை. 1849-ல் அவருடைய பணி நீட்டிக்கப்படவில்லை. 1861-ல் நூல் எழுதினார். மறுத்தவர்களைக் கடுமையாகச் சாடிக் கடிதங்கள் எழுதினார். அந்தக் கடுமை பகையைத்தான் வளர்த்தது. 1865-ல் மனநல விடுதியில் அடைக்கப்பட்டு, புண்ணில் ஏற்பட்ட நச்சுத் தொற்றால் 47 வயதில் இறந்தார். அவர் சொன்னது சரியென்று உலகம் பிறகுதான் ஒப்புக்கொண்டது.

கைகளைக் கழுவி உளூவைத் தொடங்கும் சமுதாயம் நாம். தூய்மை நமக்குப் புதிய பாடமல்ல. குழந்தையைத் தொடும் தாதியிடம் கை கழுவும்படி பணிவோடு நினைவூட்டுவது மரியாதைக் குறைவாகாது. நம்மிடம் யாரேனும் சொன்னால் கோபிப்பதும் தகாது. பாங்கு சொல்லவும், பேரீச்சம்பழம் தொட்டு வைக்கவும் போகும் நாமே முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவுவோம்.

நம் பிள்ளைகளை அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன்.