கோலத்தைப் பாடமாக்கிய நந்தலால் போஸ்

நாட்றம்பள்ளியில் மார்கழி வைகறையிலே தெருவழி நடப்போர், கிழக்கே ஏலகிரியின் பின்னிருந்து ஒளி எழுமுன்னரே, சாணந் தெளித்த வாயில்தோறும் கோலம் மலர்ந்திருத்தலைக் காண்பர். அதன் இழைகளை மிதித்துக்கொண்டு கல்லூரிக்கு விரையும் நாம் அதனை ஒரு கலையென்று எண்ணுவதில்லை. அவ்வாறு எண்ணியவர், எண்ணியதோடமையாது தரைக் கோலத்தைக் கலாசாலைப் பாடமாகவே வைத்தவர், வங்காளத்து ஓவியர் நந்தலால் போஸ் ஆவர்.

அவர் 1882ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், பீகாரில் முங்கேர் ஜில்லாவைச் சார்ந்த கரக்பூரிற் பிறந்தார். தந்தையார் தர்பங்கா சமஸ்தானத்தில் உத்தியோகம் வகித்தவர். தாயார் பொம்மை செய்வதிற் கைதேர்ந்தவர். திருவிழாவுக்கு மண்ணுருவம் வனைவோரருகே அமர்ந்து பார்த்திருத்தலே சிறுவருக்கு முதற் பள்ளிக்கூடம். பின்னர்க் கல்கத்தாவில் கல்லூரி புகுந்து பரீட்சைகளில் தோல்வியே கண்டார். வாணிப நூல் பயிலச் சென்றும் மனம் பற்றவில்லை. ஓவியம் சோறு போடுமென்று வீட்டார் நம்பினாரல்லர். அவர்களை ஒருவாறு இணங்குவித்து, 1905இல் கல்கத்தா கலைப்பள்ளியில் அவனீந்திரநாத தாகூரிடம் மாணாக்கரானார். பரீட்சைக்கு அஞ்சும் நம் நண்பர் இதனைத் தமக்குச் சாதகமாகக் கொள்ள வேண்டா. அவர் கைவிட்டது பாடப் புத்தகத்தையே, உழைப்பை ஒருநாளும் விட்டாரில்லை.

1909இல் ஹெரிங்ஹாம் சீமாட்டியாருடன் அஜந்தா சென்று குகைச் சித்திரங்களைப் பிரதி செய்தார். அப்பழமையிலேயே நின்றிருப்பின், தேர்ந்த பிரதிக்காரராய் முடிந்திருப்பார் என்பது என் எண்ணம். கவி ரவீந்திரர் அவரைச் சாந்திநிகேதனத்திற்கு அழைத்துக்கொண்டதே அவர் வாழ்வின் திருப்பம். 1922இல் அங்குள்ள கலாபவனத்தின் தலைமையை ஏற்றார்.

சாந்திநிகேதனம் செம்மண் நிலம். பனைமரங்கள் ஆங்காங்கே தனித்து நிற்கும். மழைநீர் மண்ணை அரித்துப் பள்ளங்களாக வகிர்ந்திருக்கும். இந்நிலத்தில் நந்தலால் சிறு அட்டைகளோடு உலாவி, கண்ட செடியையும் ஆட்டையும் உழவனையும் சில கோடுகளில் வரைந்து வைப்பார். அத்தகைய அட்டைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. மரம் வரையப் புகும் மாணவர் இலைகளை எண்ணிக்கொண்டிருத்தலை அவர் விரும்பவில்லை. அடிமரம் எவ்வாறு எழுகின்றது, கிளை எவ்விடத்துப் பிரிகின்றது, காம்பில் இலைகள் என்ன முறையில் அடுக்கப்பட்டுள்ளன என்று முதலிற் காணச் செய்தார். வளர்ச்சிக்கு ஒரு தாளம் உண்டு. அது கைக்கு வந்தபின் இலை தானே வரும் என்பது அவர் கொள்கை.

இக்கொள்கைக்கு ஏற்ற துணை ஒரு பெண்மணியிடமிருந்து வந்தது. கிழக்கு வங்கத்து வீடுகளில் பெண்டிர் இடும் கோலத்திற்கு ஆல்பனா என்று பெயர். அரிசிமாவைக் கரைத்து, அதில் தோய்த்த துணியைக் கையிற் பிடித்து, விரல்வழியே ஒழுகவிட்டு இடுவர். நம்மவர் இடும் இழைக்கோலத்தைப் போன்றதே. புள்ளி மட்டும் இராது. அதில் வல்லவரான சுகுமாரி தேவியைக் கலாபவனத்தில் ஆசிரியையாக்கினார் நந்தலால். பட்டம் பெறாத ஒருவர் கலாசாலையில் ஆசிரியராதல் அக்காலத்தில் சிறிய காரியமன்று. தாமரையும் நெற்கதிரும் வழிவழி வந்த உருவங்கள். அவற்றோடு சுற்றுப்புறத்துச் செடிகொடிகளையும் மாணவியர் நோக்கிப் புதிய கோலங்கள் அமைத்தனர். மரம் நடும் விழாவிலும் வசந்த விழாவிலும் அவை நிலத்தை அணிசெய்தன.

1930இல் தண்டி யாத்திரையை நினைந்து, கோலூன்றி நடக்கும் காந்தியடிகளின் உருவை லினோலியத்திற் செதுக்கி அச்சிட்டார். அடிகளின் வேண்டுகோட்படி 1938இல் ஹரிபுரா காங்கிரஸ் பந்தலுக்காக உழைப்பாளரின் சித்திரங்கள் பல தீட்டினார். சுதந்திர இந்தியாவின் அரசியல் சாசன மூலப்பிரதிக்குச் சித்திரங்களும் ஓர அணிகளும் அவர் மேற்பார்வையில் மாணவரால் ஆக்கப்பட்டன. தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய கே. ஜி. சுப்பிரமணியனும் அங்கே பயின்றவரே.

1951இல் பதவி நீங்கிய நந்தலால், 1966 ஏப்ரல் 16ஆம் நாள் காலமானார். 1976இல் அவர் ஓவியங்கள் நாட்டுக் கலைச்செல்வமென அறிவிக்கப்பட்டு, வெளிநாடு கொண்டுசெல்லுதல் தடுக்கப்பட்டது. தரையில் இட்ட ஆல்பனாக்களுக்கோ அத்தகைய காவல் ஏதுமில்லை. விழா முடிந்ததும் மிதிபட்டு மறைந்தன. அவர் மகளார் கௌரி பஞ்ஜா அக்கலையைச் சாந்திநிகேதனத்தில் நெடுங்காலம் கற்பித்தார். இன்றும் விழாவுக்கு முன்னர் மாணவியர் மாக்கரைசலோடு தரையில் அமர்கின்றனர்.