காஞ்சியை வாசித்த மீனாட்சி

பெரிய காஞ்சிபுரத்தில் என் வீட்டிலிருந்து வைகுண்டப் பெருமாள் கோயில் நடந்து செல்லும் தொலைவில்தான் உள்ளது. அதன் திருச்சுற்று மண்டபச் சுவர்களில் பல்லவ மன்னர்களின் வரலாறு சிற்ப வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அச்சுவர்களைக் காணும்போதெல்லாம் அவற்றை ஆராய்ந்த கடாம்பி மீனாட்சியை நினைத்துக்கொள்வேன்.

1905-இல் பிறந்த மீனாட்சி, இளமையிலேயே தந்தையை இழந்தவர். 1929-இல் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் வரலாற்றுப் பட்டம் பெற்றார். முதுகலை பயில முற்பட்டபோது, ஆடவர் கல்லூரியாக இருந்த சென்னை கிறித்தவக் கல்லூரி அவரைச் சேர்க்க மறுத்தது. அங்கே ஆசிரியராக இருந்த தமையன் லட்சுமிநாராயணன் பொறுப்பேற்ற பிறகே இடம் கிடைத்தது.

பின்னர், பேராசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் வழிகாட்டுதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மேற்கொண்டார். பல்லவர் கால ஆட்சியும் சமூக வாழ்வும் அவர் எடுத்துக்கொண்ட பொருள். மன்னர்களின் போர்களோடு நில்லாமல், ஊர்ச்சபை, வரி, நீர்ப்பாசனம், கல்வி எனக் குடிமக்களின் வாழ்வைச் செப்பேடுகளிலிருந்தும் கல்வெட்டுகளிலிருந்தும் திரட்டினார். பொருளியல் கற்பித்த என்னை அவர்பால் ஈர்த்ததும் அதுவே. 1936-இல் அப்பல்கலைக்கழகத்தின் முதல் பெண் முனைவரானார். ஆய்வேடு 1938-இல் நூலாக வெளிவந்தது.

பட்டம் கிடைத்தது, பணி கிடைக்கவில்லை. பல ஊர்களில் முயன்ற பின், 1939-இல் மைசூர் திவான் மிர்சா இஸ்மாயிலின் ஆதரவால் பெங்களூரு மகாராணி கல்லூரியில் உதவிப் பேராசிரியரானார். 1940 மார்ச் மாதம், 34-ஆம் வயதில் காலமானார். வைகுண்டப் பெருமாள் கோயிற் சிற்பங்களைப் பற்றிய அவரது நூலைத் தொல்லியல் துறை 1941-இல்தான் வெளியிட்டது.

இன்று பெண்களுக்குக் கல்லூரிக் கதவுகள் திறந்திருக்கின்றன. ஆய்வு மாணவர்களுக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிப் பணி அளிக்கலாம் என்கின்றன பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகள். பயிற்சி நல்லதே. ஆனால், அதற்குப் பின்? என் மாணவர்களில் முனைவர் பட்டம் பெற்ற சிலர், நாற்பது வயதைக் கடந்தும் கௌரவ விரிவுரையாளர்களாகவே காலம் தள்ளுகின்றனர்.

ஆய்வேட்டைக் குறித்த காலத்தில் முடிக்கும்படி மாணவர்களை வலியுறுத்தும் நாம், காலிப் பணியிடங்களை நிரப்புவதற்கும் காலவரம்பு விதித்துக்கொள்ள வேண்டாமா? தாமதமான ஊதியத்தை நிலுவையாகத் தந்துவிடலாம். வகுப்பறைக்கு வெளியே காத்திருந்து கழிந்த ஆண்டுகளை எவராலும் திருப்பித் தர இயலாது.