திருப்புகழைக் கச்சேரி மேடை ஏற்றிய காஞ்சிபுரம் நைனா பிள்ளை



1972-ல வந்த 'தெய்வம்' படத்துல மதுரை சோமு உட்கார்ந்து பாடுற மருதமலைப் பாட்டைக் கேட்காத முருக பக்தர் நம்ம குரூப்புல யாரும் இருக்க மாட்டீங்க. அந்த சோமுவோட குரு சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. அவரோட குரு காஞ்சிபுரம் நைனா பிள்ளை. இந்தப் பதிவு அவரைப் பத்தித்தான். சங்கீதக்காரர்கள் மத்தியில் அவர் பெரிய பெயர். திருப்புகழ் பாடுற நம்மளுக்குத்தான் அவரைச் சரியாத் தெரியலை, அதுல எனக்கு ரொம்ப நாளா வருத்தம்.

1889-ல் காஞ்சிபுரத்தில் பிறந்தார். இயற்பெயர் சுப்பிரமணியம். வீடே சங்கீத வீடு. அம்மா காமாட்சி அம்மாள், பெரியம்மா முறையான தனகோடி அம்மாள், ரெண்டு பேரும் அந்தக் காலத்தில் பேர் போன பாடகிகள். இப்படிப்பட்ட வீட்டுல பிறந்த பிள்ளைக்கு சின்ன வயசுல பாட்டு மேல நாட்டமே இல்லை. குஸ்தி, உடற்பயிற்சின்னு சுத்திக்கிட்டு இருந்தவர். பாட்டுக்கு வந்தது தாமதமாத்தான். வந்த பிறகு விடாம சாதகம் பண்ணினார். வீட்டுப் பெண்களிடம் இருந்து வந்தது பாதி, ஜலதரங்கம் ரமணய்யா செட்டியார் மாதிரி பெரியவர்களிடம் கற்ற தியாகராஜ கீர்த்தனைகள் மீதி. குஸ்திக்காரரோட பிடிவாதம் அவர் தாளத்துல தெரிஞ்சதுன்னு நான் நினைச்சுக்குவேன்.

அவர் கச்சேரின்னா மேடை நிறைய ஆள் இருக்கும். வயலின், மிருதங்கம் மட்டும் போதாது. கஞ்சிரா, கடம், முகர்சிங், டோலக், வாயால ஜதி சொல்ற கொன்னக்கோல் எல்லாம் வேணும். 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரின்னு பேரு. புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை போன்ற லய மேதைகள் பக்கத்துல உட்கார்ந்து கணக்குல மடக்கப் பார்ப்பாங்க, இவர் தாளம் தப்பாம வந்து சேருவார். இப்படிப்பட்ட ஆள் கையில திருப்புகழ் கிடைச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

இங்க கொஞ்சம் பின்னாடி போகணும். அருணகிரிநாதர் 15-ம் நூற்றாண்டு. அவர் பாடியது 16,000 பாட்டுன்னு சொல்வாங்க, நமக்குக் கிடைச்சது 1,300-க்கு மேல் கொஞ்சம்தான். அதுவும் வ.த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊரா ஏடு தேடி அலைஞ்சு, 1894-ல் முதல் பாகத்தை அச்சில் கொண்டு வந்ததால. அப்போ நைனா பிள்ளைக்கு 5 வயசு. ஏட்டுல சொல் இருந்தது. மெட்டு இல்லை. அருணகிரியார் எந்த ராகத்துல பாடினார்னு ஏடு சொல்லாது.

ஆனா ஒண்ணு தப்பிச்சது, சந்தம். திருப்புகழ் புத்தகத்தைத் திறந்தா பாட்டுக்கு மேலேயே 'தத்தன தனதன'ன்னு போட்டிருக்கும். சில பதிப்புல தகிட 1½, தகதிமி 2-ன்னு தாளக் கணக்கும் இருக்கும். குறில் ஒரு மாத்திரை, நெடில் ரெண்டு, ஒற்று அடுத்து வந்தா அந்தக் குறிலும் ரெண்டாகும். எந்த இடத்துல அடி விழணும்னு சொல்லே சொல்லிடும். அதனால திருப்புகழுக்கு மெட்டுப் போடுறவருக்குத் தாளத்துல சுதந்திரம் கிடையாது, ராகத்துல மட்டும்தான். ஒரு கீர்த்தனைன்னா ஒரு எழுத்தைப் பிடிச்சு நாலு சங்கதி போடலாம். இங்க அப்படி இழுத்தா சந்தம் உடையும், சந்தம் உடைஞ்சா சொல் உடையும், சொல் உடைஞ்சா அர்த்தமே மாறிடும். ராகத்தோட உருவம் வேகமா ஓடுற சொல்லுக்குள்ளேயே தெரியணும். கஷ்டமான வேலை.

நைனா பிள்ளை அதைத்தான் செய்தார். கர்நாடக ராகங்களை எடுத்து, அதுல திருப்புகழை அதனோட சொந்தச் சந்தம் கெடாம உட்கார வெச்சு, பெரிய கச்சேரி மேடையில பாடினார். எந்தக் காலத்துல? தெலுங்கு, சமஸ்கிருத உருப்படிகள்தான் கச்சேரியின் நடுநாயகம், தமிழ்ப் பாட்டுன்னா கடைசியில ஒண்ணு ரெண்டு துக்கடாங்கற காலத்துல. சென்னையில் தமிழ் இசைச் சங்கம் வந்ததே 1943-ல். அவர் அதுக்கு 9 வருஷம் முன்னாடியே போயிட்டார். அவர் தியாகராஜரை ஒதுக்கினவரும் கிடையாது. காஞ்சிபுரத்தில் வருஷா வருஷம் தியாகராஜர் உற்சவம் நடத்தினவர். ரெண்டு பக்தியும் ஒரே மேடையில இருந்தது.

இதை இப்ப ஏன் எழுதுறேன்னா, நம்ம தருமபுரி பஜனையில ஒரு சண்டை ஓடிக்கிட்டு இருக்கு. அரூர் பக்கத்துல இருக்கிற நம்ம தீர்த்தமலைக்கு அருணகிரியார் பாடிய திருப்புகழ் இருக்கில்ல, அதை நம்ம பசங்க புது மெட்டுல பாட ஆரம்பிச்சாங்க. பெரியவங்க சிலர் பழைய மெட்டுதான் பாடணும்னுட்டாங்க. எது பழைய மெட்டு? நாம எல்லாரும் ஆதி மெட்டுன்னு நினைக்கிற முதல் திருப்புகழோட மெட்டு, டி.எம்.எஸ். 1964-ல் 'அருணகிரிநாதர்' படத்துக்காகப் பாடினது. டெல்லியில் ஏ.எஸ். ராகவன் குருஜி 500-க்கும் மேற்பட்ட திருப்புகழுக்கு ராகம் அமைச்சுக் கொடுத்தார், அதுவும் போன நூற்றாண்டு வேலைதான். அதனால புது மெட்டுன்னு கோவிச்சுக்க வேண்டாம்னு பெரியவங்ககிட்ட சொன்னேன். பசங்ககிட்டயும் சொன்னேன்: தம்பிகளா, ராகம் உங்க இஷ்டம், ஆனா பீட்டுக்காக நெடிலைக் குறிலாக்காதீங்க. குமாரசாமிப்பேட்டையில தைப்பூசத் தேருக்கு அக்கா தங்கச்சிங்க வடம் பிடிக்கிறப்ப பாடுறதா இருந்தாலும் இதுதான். இன்னும் ரெண்டு தரப்பும் சமாதானம் ஆகலை!

சரி, நைனா பிள்ளைக்கு வருவோம். கிராமபோன் கம்பெனிக்கு அவர் பாடிக் கொடுக்கலை. அவர் குரல் ஒரு தட்டுலகூடப் பதிவாகலை. 1934-ல், 45 வயசு வாக்குல காலமானார். அருணகிரியார் மெட்டு எப்படிப் போச்சோ அப்படியே இவர் குரலும் போச்சு. அவர் திருப்புகழ் எப்படி ஒலிச்சுதுன்னு நேராக் கேட்க நமக்கு வழியே இல்லை. இது எனக்கு உண்மையாவே வலிக்குது.

மிஞ்சினது சிஷ்யர்கள்தான். வீணை தனம்மாளோட பேத்திகள் பிருந்தா, முக்தா காஞ்சிபுரத்துக்கு வந்து அவர்கிட்ட பாடம் கேட்டாங்க. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை பல வருஷம் கத்துக்கிட்டு, குருவோட பாணியை 1975 வரைக்கும் காப்பாத்தினார். டி.கே. பட்டம்மாள் நேரடி சிஷ்யை இல்லை. காஞ்சிபுரத்துல சின்னப் பொண்ணா அவர் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்தவங்க. கேட்டதை சகோதரர்களோட சேர்ந்து ஞாபகம் வெச்சு எழுதி வெச்சுக்குவாங்களாம். ரெக்கார்டரும் இல்லை, போனும் இல்லை, குழந்தைங்க காதுதான். பின்னாளில் அவங்க பாடின கஷ்டமான பல்லவிகளுக்குப் பின்னாடி நைனா பிள்ளையோட தாக்கம் இருக்குன்னு எல்லாருமே சொல்லுவாங்க.

சோமு, பட்டம்மாள், பிருந்தா–முக்தா கச்சேரிப் பதிவுகள் யூடியூப்ல இருக்கு. வர்ற கிருத்திகைக்குள்ள ஒண்ணாவது ஹெட்போன் போட்டு, கையில தாளம் போட்டுக்கிட்டே கேளுங்க. தீர்த்தமலைத் திருப்புகழைச் சந்தம் பிரிச்சு எழுதி அடுத்த பதிவுல போடுறேன். பாடத் தெரிஞ்சவங்க வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க.

ஓம் சரவணபவ!