சொல்லாமல் புறப்பட்ட வீரமங்கை

புதுச்சேரிக் கடற்கரைக்கு அருகில், அவ்வூரார் கப்ஸ் கோயில் என்று அழைக்கும் தேவதூதர்களின் அன்னை ஆலயத்துக்கு எதிரே ஒரு பூங்கா உண்டு. அங்கே ஓர் இளம்பெண்ணின் சிலை நிற்கிறது. அவள்தான் பிரான்சு நாட்டின் பாதுகாவலருள் ஒருத்தியான புனித ஜோன் ஆஃப் ஆர்க். நாங்கள் சுற்றுலா சென்றபோது அச்சிலையைக் காட்டிய எங்கள் ஆசிரியை, இவள் படைக்குப் போனபோது வயது பதினேழு என்று கூறினார்கள். எங்களைவிட இரண்டே வயது மூத்தவள்! பேருந்தில் திரும்பி வரும்போது மற்றவர்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். எனக்கோ ஒரே கேள்விதான். ஒரு கிராமத்துப் பெண் எப்படி இம்முடிவுக்கு வந்தாள்? அவள் வீட்டில் எப்படி அனுப்பினார்கள்? பள்ளி நூலகத்தில் தேடிப் படித்து நான் அறிந்ததை என் அன்புத் தோழியருக்குச் சொல்கிறேன்.

பிரான்சு நாட்டின் வடகிழக்கில் மியூஸ் ஆற்றங்கரையில் தோம்ரெமி என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1412-ஆம் ஆண்டளவில் ஜோன் பிறந்தாள். தந்தை ஜாக் தார்க் ஓர் உழவர். ஊர்ப் பொறுப்புகளையும் கவனித்தவர். தாய் இசபெல் மிகுந்த பக்தி உள்ளவர். ஜோன் பள்ளிக்கூடம் சென்றதில்லை. பரலோக மந்திரத்தையும், அருள் நிறைந்த மந்திரத்தையும், விசுவாசப் பிரமாணத்தையும் தாயின் மடியிலேயே கற்றாள். நூல் நூற்பதிலும் தையலிலும் அவள் கைதேர்ந்தவள். கோயில் மணி ஒலித்தால் வயலில் நின்றபடியே செபிப்பாள். மணியடிப்பவர் நேரத்தை மறந்துவிட்டால் அவரைக் கடிந்துகொள்வாள். தவறாமல் அடித்தால் பரிசு தருவதாகவும் ஆசை காட்டுவாள். இத்தகைய சாதாரணப் பெண்தான் அவள்.

ஆனால் அவள் பிறந்த காலம் சாதாரணமானதன்று. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் 1337-இல் தொடங்கிய போர் முடிவின்றி நடந்துகொண்டிருந்தது. பின்னாளில் வரலாற்று ஆசிரியர்கள் இதை நூறாண்டுப் போர் என்றார்கள். 1415-இல் அஜின்கோர்ட் என்னுமிடத்தில் பிரெஞ்சுப் படை பெருந்தோல்வி அடைந்தது. 1420-இல் ஏற்பட்ட திராய் உடன்படிக்கையின்படி பிரெஞ்சு இளவரசர் சார்லஸ் தம் உரிமையை இழந்தார். 1422-இல் இருநாட்டு மன்னர்களும் இறந்தார்கள். ஒரு வயதும் நிறையாத ஆங்கிலேயக் குழந்தை இரு நாடுகளுக்கும் அரசன் என அறிவிக்கப்பட்டது. பிரெஞ்சு மக்களிலேயே பர்கண்டி நாட்டார் ஆங்கிலேயரின் பக்கம் நின்றார்கள். இளவரசருக்கு முடிசூட்டிக்கொள்ளவும் வழியில்லை. ஏனெனில் பிரெஞ்சு மன்னர்கள் மரபாக முடிசூட்டப்படும் ரைம்ஸ் நகரம் எதிரிகளின் பிடியில் இருந்தது.

ஜோனுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். கோடைக்கால நண்பகல் ஒன்றில் தந்தையின் தோட்டத்தில் அவள் இருந்தபோது ஒரு பேரொளி தோன்றியது. ஒரு குரலும் கேட்டது. அவள் அஞ்சி நடுங்கினாள். அதிதூதரான புனித மிக்கேலும், புனித கத்தரீனம்மாளும், புனித மார்கரீத்தம்மாளும் தன்னிடம் பேசியதாகப் பிற்காலத்தில் அவள் கூறினாள். முதலில் அவர்கள் சொன்னது மிக எளியது. நல்ல பெண்ணாக இரு, கோயிலுக்குத் தவறாமல் போ என்பதே அது. போகப்போகத்தான் கட்டளை பெரிதாயிற்று. பிரான்சைக் காக்க நீ புறப்பட வேண்டும் என்று குரல்கள் வற்புறுத்தின. தான் ஓர் ஏழைப் பெண், குதிரை ஏறவும் தெரியாது, போர் செய்யவும் தெரியாது என்று அவள் மறுமொழி கூறினாள்.

தோழியரே, இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். ஜோன் ஒரே நாளில் துள்ளிக் குதித்துப் போருக்குப் புறப்பட்டுவிடவில்லை. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அந்த எண்ணத்தைத் தன் நெஞ்சிலேயே சுமந்தாள். அவ்வளவு காலமும் நூல் நூற்றாள், வீட்டு வேலை செய்தாள், நோயாளிகளைப் பேணினாள். பெற்றோரிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. ஒருநாள் இரவு, தம் மகள் போர்வீரர்களோடு சென்றுவிடுவதாக ஜாக் தார்க் கனவு கண்டார். அக்காலத்தில் படைகளின் பின்னே சென்ற பெண்களின் நிலை எத்தகையது என்பதை அவர் அறிவார். அப்படி நடக்குமானால் அவளை ஆற்றில் மூழ்கடித்துவிடுங்கள், நீங்கள் செய்யாவிட்டால் நானே செய்வேன் என்று தம் புதல்வர்களிடம் கூறினார். இதை ஜோன் தாயின் வாயிலாக அறிந்தாள். அதன் பிறகு அவளைக் கண்ணும் கருத்துமாகக் காவல் காத்தார்கள். இளைஞன் ஒருவன், ஜோன் தன்னை மணப்பதாக வாக்களித்தாள் என்று தூல் நகர மறைமாவட்ட நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தான். அவள் அஞ்சாமல் அங்கே சென்று, தான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை என்று எடுத்துரைத்து வழக்கில் வென்றாள்.

தோம்ரெமிக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் வோக்கூலர் என்னும் கோட்டை நகரம் இருந்தது. இளவரசரின் பக்கம் நின்ற ராபர்ட் தெ போத்ரிக்கூர் அதன் தளபதி. 1428-ஆம் ஆண்டு மே மாதம், ஜோன் மாமா என்று அழைக்கும் உறவினர் துரான் லக்ஸார் அவளை அவரிடம் அழைத்துச் சென்றார். இளவரசரிடம் தன்னை அனுப்புமாறு அவள் கேட்டாள். தளபதி நகைத்தார். கன்னத்தில் இரண்டு அறை கொடுத்து இவளைத் தகப்பன் வீட்டில் கொண்டுபோய் விடும் என்று லக்ஸாரிடம் கூறினார். ஜோன் தலைகுனிந்து வீடு திரும்பினாள். ஆனால் மனம் மாறவில்லை.

அவ்வாண்டு கோடையில் எதிரிப் படை அப்பகுதிக்கு வந்தது. ஊரார் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு நெஃப்ஷாத்தோ என்ற நகருக்கு ஓடினார்கள். திரும்பி வந்து பார்த்தால் அவர்களுடைய கோயில் எரிந்து கிடந்தது. அக்டோபர் மாதம் ஆங்கிலேயர் லுவார் ஆற்றங்கரையிலுள்ள ஓர்லியான்ஸ் நகரை முற்றுகையிட்டார்கள். அந்நகரம் வீழ்ந்தால் பிரான்சின் தென்பகுதியும் வீழும் என்று மக்கள் அஞ்சினார்கள். இனியும் காத்திருக்க முடியாது என்று ஜோன் உணர்ந்தாள்.

லக்ஸாரின் மனைவி அப்போது கருவுற்றிருந்தாள். அவளுக்குப் பேறுகால உதவி செய்வதற்காக என்று கூறி, 1429-ஆம் ஆண்டு சனவரி மாதம் ஜோன் வீட்டைவிட்டுப் புறப்பட்டாள். தாயிடமும் தந்தையிடமும் உண்மையைச் சொல்லவில்லை. மெஞ்செட் என்னும் தோழியிடம் விடைபெற்றாள். ஆனால் உயிர்த்தோழி ஓவியெட்டிடம் அதுவும் சொல்லவில்லை. சொன்னால் தன் கால்கள் தயங்கிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ!

வோக்கூலரில் வண்டி செய்பவர் ஒருவரின் வீட்டில் மூன்று வாரம் தங்கி, அவ்வீட்டு அம்மாளுடன் நூல் நூற்றுக்கொண்டே மீண்டும் மீண்டும் தளபதியிடம் சென்று வேண்டினாள். முழங்கால் தேயும்வரை நடந்தாவது இளவரசரிடம் போவேன் என்று உறுதியாக நின்றாள். முன்னே நகைத்த ஊரே இப்போது அவளை நம்பத் தொடங்கியது. குதிரை வாங்கிக் கொடுத்தார்கள். ஆண் உடை தைத்துக் கொடுத்தார்கள். அவள் தன் கூந்தலை வெட்டிக்கொண்டாள். தளபதி ஒரு வாளைக் கொடுத்து வழியனுப்பினார். பிப்ரவரி 23-ஆம் நாள் ஆறு ஆண்களின் துணையுடன் அவள் புறப்பட்டாள். எதிரிகளின் நாட்டின் வழியே, பெரும்பாலும் இரவில் பயணம் செய்து, 11 நாளில் ஷினோன் அரண்மனையை அடைந்தார்கள். உடன் வந்த வீரர்கள் அவளைத் தங்கள் சொந்த சகோதரியைப் போல் மதித்தார்கள்.

இளவரசர் அரசவையினரின் கூட்டத்தில் ஒளிந்து நின்றார். ஜோன் நேரே அவரிடம் சென்று வணங்கினாள். உடனே அவள் கையில் படையை ஒப்படைத்துவிடவில்லை. புவாத்தியே நகரில் மறைநூல் அறிஞர்கள் மூன்று வாரம் அவளைக் கேள்விகளால் சோதித்தார்கள். அவளிடம் குறை காணாத பிறகே கவசமும் கொடியும் தந்தார்கள். தன் வாளைவிடக் கொடியையே நாற்பது மடங்கு அதிகம் நேசித்ததாகவும், எவரையும் தன் கையால் கொன்றதில்லை என்றும் அவள் பின்னர் கூறினாள்.

ஏப்ரல் 29-ஆம் நாள் அவள் ஓர்லியான்ஸ் நகருள் நுழைந்தாள். வீரர்கள் கெட்ட வார்த்தை பேசுவதைத் தடுத்தாள். போருக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்யச் சொன்னாள். மே 7-ஆம் நாள் துரேல் கோட்டையைத் தாக்கியபோது, அவள் கழுத்துக்கும் தோளுக்கும் இடையே அம்பு பாய்ந்தது. அவள் வலி தாங்காமல் அழுதாள். ஆம், அந்த வீரமங்கை அழுதாள்! காயத்துக்கு எண்ணெயும் கொழுப்பும் வைத்துக் கட்டியபின், மீண்டும் கொடியை ஏந்திக் களம் சென்றாள். கோட்டை விழுந்தது. மறுநாள் ஆங்கிலேயர் முற்றுகையைக் கைவிட்டார்கள். ஏழு மாத முற்றுகை, அவள் வந்த ஒன்பதாம் நாள் முடிந்தது.

சூலை 17-ஆம் நாள் ரைம்ஸ் பேராலயத்தில் சார்லஸ் மன்னராக முடிசூடியபோது ஜோன் கொடியுடன் அருகில் நின்றாள். அந்நகருக்கு அவளுடைய தந்தையும் வந்திருந்தார்! நகரத்தார் அவருடைய விடுதிச் செலவை ஏற்றுக்கொண்டார்கள். மகளை மூழ்கடிப்பேன் என்று சொன்னவர், நாடே அவளைப் போற்றுவதைக் கண்டார். அன்று தந்தையும் மகளும் என்ன பேசினார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. தன் ஊராருக்கு வரி விலக்கு வேண்டும் என்று ஜோன் கேட்டுப் பெற்றாள்.

அதன் பிறகு துன்பமே வந்தது. பாரிசு நகர முற்றுகை தோல்வியுற்றது. 1430-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் கொம்பியேன் நகரருகே பர்கண்டி வீரர்கள் அவளைச் சிறைப்பிடித்து, பின்னர் 10,000 லீவர் பணத்துக்கு ஆங்கிலேயரிடம் விற்றார்கள். அவளால் முடிசூடிய மன்னர் அவளை மீட்கவில்லை. ரூவான் நகரில், ஆங்கிலேயரைச் சார்ந்த ஆயர் பியேர் கோஷோன் தலைமையில் விசாரணை நடந்தது. கற்றறிந்த பலர் ஒருபுறம். எழுதப் படிக்கத் தெரியாத பெண் ஒருத்தி மறுபுறம். பெற்றோரின் அனுமதியின்றி வீட்டை விட்டது சரியா என்றும் அங்கே கேட்டார்கள். மற்ற எல்லாவற்றிலும் தான் அவர்களுக்குக் கீழ்ப்படிந்ததாகவும், இது ஒன்றைப் பற்றிக் கடிதம் எழுதியதாகவும், அவர்கள் தன்னை மன்னித்துவிட்டதாகவும் அவள் பதில் கூறினாள். 1431-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், சந்தைத் திடலில் அவளை உயிரோடு எரித்தார்கள். கண்முன்னே சிலுவையை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, இயேசுவின் திருநாமத்தை உச்சரித்தபடி உயிர் விட்டாள். அப்போது அவளுக்கு வயது ஏறத்தாழ பத்தொன்பது.

தாய் தந்தையரை மதித்து நட என்பது நான்காம் கட்டளை அல்லவா? அப்படியானால் ஜோன் செய்தது எப்படிச் சரியாகும் என்று மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டரிடம் கேட்டேன். சிஸ்டர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, அவள் தாய் பிறகு என்ன செய்தார் என்று படித்துப் பார் என்றார்கள். படித்தேன்.

மகள் இறந்து 24 ஆண்டுகள் சென்றபின், கணவரை இழந்த அந்த முதிய தாய் 1455-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் பாரிசு நோத்தர்தாம் பேராலயத்தில் திருத்தந்தையின் பிரதிநிதிகள் முன் மண்டியிட்டார். தம் மகளின் பெயரை மாசு நீக்கித் தருமாறு கண்ணீருடன் மன்றாடினார். திருத்தந்தை மூன்றாம் கலிஸ்து அனுமதித்த மறுவிசாரணையில் நூற்றுக்கு மேற்பட்டோர் சாட்சி சொன்னார்கள். லக்ஸார் மாமா வந்தார். மெஞ்செட் வந்தாள். ஓவியெட்டும் வந்தாள். ஜோன் சென்றது தெரியாமற்போய், பிறகு மிகவும் அழுததாக அவள் கூறினாள். 1456-ஆம் ஆண்டு சூலை 7-ஆம் நாள் பழைய தீர்ப்பு செல்லாது என அறிவிக்கப்பட்டது. 1920-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் ஜோனுக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

யாரிடம் சொல்லாமல் போனாளோ, அவர்களே இறுதியில் அவளுக்காகப் பேசினார்கள். சிஸ்டர் சொல்லாமற்சொன்ன பதில் இதுதான் என்று எண்ணுகிறேன்.

இன்று பதினெட்டு வயது நிறையாதவர்களைப் போர்க்களத்துக்கு அனுப்பலாகாது என்று 2000-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற உடன்பாடு கூறுகிறது. அது நல்லதே. ஜோனைப்போல வீட்டுக்குச் சொல்லாமல் புறப்பட வேண்டும் என்று நான் எழுதவில்லை. பத்தாம் வகுப்பு முடிந்ததும் என்ன படிப்பது என்று நம் வீடுகளில் இப்போதே பேசத் தொடங்கிவிட்டார்கள். நாமோ வாய் திறவாமல் இருக்கிறோம். பிறகு தனியே அழுகிறோம். ஜோன் தன் எண்ணத்தை நான்கு ஆண்டுகள் செபத்தில் சோதித்தாள். மறுத்தவர்களிடம் மீண்டும் சென்று பொறுமையோடு கேட்டாள். பெற்றோரின் மனம் நொந்ததற்கு மன்னிப்பும் கேட்டாள். கன்னத்தில் அறையச் சொன்ன தளபதியே பின்னர் அவளுக்கு வாள் கொடுத்தார் என்றால், நம்மேல் அன்புள்ள அப்பாவும் அம்மாவும் நாம் சொல்வதைக் கேட்கமாட்டார்களா?

நான் முதலில் சொல்லிப் பார்க்கப் போகிறேன். தோழியரே, நீங்களும் சொல்லுங்கள்.