ஏழைத் தாய்மாரின் மருத்துவர் அன்னை மேரி குளோரி



பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லுவார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டு ஏழைப் பெண்களில் பலருக்கு அந்த மறுபிறவி கிட்டாமலே போனது. மருத்துவர் இருக்கும் ஊர் தொலைவு. போனால் வைத்தியக் கட்டணம், மருந்துச் செலவு, வண்டிக் கூலி. உடன் செல்லும் கணவனுக்கு அன்றைய கூலியும் இல்லை. இத்தனையும் தாண்டிச் சென்றாலும் அங்கே இருப்பவர் ஆண் மருத்துவர். அவர் தொட்டுப் பார்ப்பதைவிடச் சாவதே மேல் என்று எண்ணிய குடும்பங்கள் பல. இந்த நிலையை மாற்றத் தம் வாழ்வையே கையளித்த ஒரு துறவியின் வரலாற்றை நம் ஆலய ஜூபிலி மலரில் எழுதுவது பொருத்தமென்று கருதுகிறேன்.

மேரி குளோரி 1887-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலுள்ள பிரேகுரா என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் பக்தியுள்ள கத்தோலிக்கர். பிள்ளைகள் பலர் உள்ள குடும்பம். படிப்பில் சிறந்து விளங்கிய மேரி, உதவித்தொகை பெற்று மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கலைப்பாடம் படிக்கச் சேர்ந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பது அரிதாயிருந்த அக்காலத்தில், தந்தை ஊக்கமளிக்க மருத்துவத்துக்கு மாறி, 1910-இல் பட்டம் பெற்றார். பிறகு மெல்போர்ன் நகரின் கோலின்ஸ் வீதியில் சொந்தமாக மருத்துவம் செய்தார். கத்தோலிக்கப் பெண்களின் சமூக சங்கத்துக்கு முதல் பொதுத் தலைவியும் அவரே. பணமும் மதிப்பும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

1915-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் அவர் கையில் ஒரு சிறு பிரசுரம் கிடைத்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டாக்டர் ஆக்னஸ் மெக்லாரன் அம்மையாரின் பணியைப் பற்றியது அது. தம் அறுபதுகளில் கத்தோலிக்கரான அந்த அம்மையார், இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவர்கள் வேண்டுமென்று உலகெங்கும் மன்றாடி, ராவல்பிண்டியில் ஒரு மருத்துவமனை அமையக் காரணமானவர். மருத்துவ வசதியின்றி இந்தியாவில் தாய்மாரும் சிசுக்களும் மாள்வதைப் படித்த மேரி, இதுவே தமக்குக் கிடைத்த அழைப்பு என்று முழந்தாளில் நின்று ஏற்றுக்கொண்டார். ஆனால் உடனே கப்பலேறிவிடவில்லை. மகப்பேறு மருத்துவம், பெண்கள் மருத்துவம், கண் மருத்துவம் ஆகியவற்றில் மேற்படிப்பு முடித்து, 1919-இல் எம்.டி. பட்டம் பெற்றார். ஏழைக்குத்தானே, இவ்வளவு போதும் என்று அவர் நினைக்கவில்லை.

1920 பிப்ரவரியில், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூருக்கு வந்து, ஹாலந்து நாட்டில் தோன்றிய இயேசு மரி சூசை சபையில் சேர்ந்தார். இங்கே ஒரு தடை இருந்தது. துறவியர் தனி அனுமதியின்றி மருத்துவம் செய்யலாகாது என்பது அன்றைய திருச்சபைச் சட்டம். கன்னியர் பிரசவம் பார்ப்பதோ தகாததென்றே எண்ணப்பட்டது. எந்தப் பணிக்காகக் கடல் கடந்து வந்தாரோ, அந்தப் பணிக்கே தடை! திருத்தந்தை 15-ஆம் பெனடிக்ட் தனி அனுமதி அளித்தபின், திரு இருதயத்தின் மரியாள் என்னும் துறவறப் பெயரோடு அவர் மருத்துவப் பணியைத் தொடர்ந்தார். கன்னியர் அனைவருக்கும் பொதுவாக மகப்பேற்று மருத்துவத்துக்கு ரோமையின் இசைவு கிடைத்தது 1936-இல்தான்.

சிறிய மருந்தகமாக இருந்தது, அவர் உழைப்பால் புனித சூசையப்பர் மருத்துவமனையாக வளர்ந்தது. நெடுங்காலம் அங்கே மருத்துவர் அவர் ஒருவரே. கையில் காசில்லை என்பதற்காக ஏழைகள் திருப்பி அனுப்பப்படவில்லை. தாம் ஒருவர் எத்தனை பேரைப் பார்க்க முடியும் என்று எண்ணிய அன்னை, உள்ளூர்ப் பெண்களையே மருத்துவச்சிகளாகவும் தாதியராகவும் மருந்து கலப்பவர்களாகவும் பயிற்றுவித்தார். பக்கத்துத் தெருவிலேயே பயிற்சி பெற்ற ஒருத்தி இருந்தால் வண்டிக் கூலி மிச்சம். பிரசவம் சிக்கலாகும்போது காலத்தோடு மருத்துவமனைக்கு அனுப்பவும் ஆளுண்டு. நம் நாட்டு மூலிகை மருந்துகளையும் இகழாமல் கற்றுப் பயன்படுத்தினார்.

தருமத்தை மட்டும் நம்பி ஒரு மருத்துவமனை தனித்து நெடுநாள் நிற்பது கடினம் என்பதை அன்னை உணர்ந்திருந்தார். எனவே 1943-இல் பல சபைகளின் மருத்துவக் கன்னியரைக் கூட்டி, கத்தோலிக்க மருத்துவமனைச் சங்கத்தை நிறுவினார். நம் மருத்துவர்களையும் தாதியரையும் உருவாக்க ஒரு கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி வேண்டுமென்பதும் அவர் கனவு. அதை அவர் கண்ணால் காணவில்லை. புற்றுநோயின் கடும் வேதனையைப் பொறுமையோடு ஏற்று, 1957-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் பெங்களூரில் இறைவனடி சேர்ந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1963-இல், அதே நகரில் புனித அருளப்பர் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 2013-இல் திருச்சபை அவரை இறை ஊழியர் என அறிவித்தது.

பங்கு மக்களே, இன்று அரசு மருத்துவமனைகளில் இலவசப் பிரசவம் உண்டு. ஆயினும் கர்ப்பிணிக்குச் சத்துள்ள உணவு, மாதாமாதம் போய்வரும் செலவு, துணைக்கு ஒரு ஆள், மூத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு வீடு, இவை இல்லாத தாய்மார் நம் பங்கிலும் இருக்கிறார்கள். தேவதாய் மலைநாட்டுக்கு விரைந்து சென்று எலிசபெத்தம்மாளுடன் மூன்று மாத அளவு தங்கியதைச் செபமாலையில் தியானிக்கிறோம். வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் ஒன்றுகூடி, இப்படிப்பட்ட தாய்மாரைத் தேடிக் கண்டு, பிரசவம் முடியும்வரை ஒவ்வொருவரையும் ஒரு குடும்பத்தின் பொறுப்பில் விடுவார்களாக. புதிய கோபுரத்துக்குத் தாராளமாகக் கொடுத்த கைகள் இதற்கும் கொடுக்கும் என்று நம்புகிறேன்.