பியானோ மேதை கிளாரா ஷூமன்

ஐரோப்பிய இசை வரலாற்றின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பக்கங்கள் பெரிதும் ஆடவர் பெயர்களாலேயே நிரம்பியுள்ளன. அந்நூற்றாண்டில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கச்சேரி மேடையில் நிலைத்து நின்று, தம் கைகளின் உழைப்பால் பெருங்குடும்பம் ஒன்றைத் தாங்கி, முதுமையில் புகழ்பெற்ற ஆசிரியராகவும் விளங்கியவர் ஜெர்மானியப் பெண்மணியான கிளாரா ஷூமன். அவர் எய்திய புகழை உலகம் அறியும். அப்புகழுக்காக அவர் இழந்தது யாது என்பதையும் சேர்த்து எண்ணினால்தான் அவருடைய வரலாறு முழுமை பெறும்.

இளமையும் பயிற்சியும்

கிளாரா 1819 செப்டம்பர் 13ஆம் நாள் லைப்சிக் நகரில் பிறந்தார். தந்தை பிரெடெரிக் வீக் பியானோ ஆசிரியர். பியானோ வணிகமும் செய்தவர். தாய் மரியானா பாடகியாகவும் பியானோ கலைஞராகவும் திகழ்ந்தவர். பெற்றோரின் மணவாழ்வு முறிந்தபோது, அந்நாட்டுச் சட்டப்படி குழந்தை தந்தைக்கே உரியதாயிற்று. நான்கு வயது கடந்தும் சரிவரப் பேசாத அச்சிறுமிக்குச் செவிப்புலன் இல்லையோ என்று வீட்டார் ஐயுற்றனர். பேச்சு வருமுன்னரே இசை அவருக்கு வசப்பட்டது.

ஐந்தாம் வயதில் தந்தையிடம் முறையான பாடம் தொடங்கியது. நாள்தோறும் பாடமும் பயிற்சியும், அவற்றோடு நெடுந்தூர நடையும் ஒழுங்காக நடைபெற்றன. மகளின் நாட்குறிப்பைக்கூட, அவளே எழுதுவதுபோலத் தந்தையே எழுதி வந்தார். அவருடைய கண்டிப்பு எத்துணைக் கடுமையானதோ அத்துணைப் பயனும் தந்தது. 1828இல், ஒன்பதாம் வயதில், லைப்சிக்கின் புகழ்வாய்ந்த கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் கிளாரா முதன்முறை வாசித்தார். தாமே இயற்றிய பியானோ கான்செர்ட்டோவை 1835இல் அதே அரங்கில் மெண்டல்சன் இசைக்குழுவை நடத்த, தாமே அரங்கேற்றியபோது அவருக்கு வயது பதினாறு. 1838இல் வியன்னா அரசவை அவருக்குக் கலைஞர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. அயல்நாட்டவராகவும் இளம்பெண்ணாகவும் இருந்த ஒருவருக்கு அஃது அரிய பெருமையாகும்.

வழக்கும் திருமணமும்

வீக்கிடம் இசை பயில 1830இல் வந்து அவ்வீட்டிலேயே தங்கிய இளைஞர் ராபர்ட் ஷூமன். விரலில் ஏற்பட்ட ஊனத்தால் மேடைக் கலைஞராகும் வாய்ப்பை இழந்து இசையமைப்பில் ஈடுபட்டவர் அவர். கிளாராவும் அவரும் மணம் புரிய விழைந்தபோது தந்தை இசையவில்லை. ஆகவே இருவரும் 1839இல் நீதிமன்றத்தை நாடினர். தந்தை சுமத்திய குற்றச்சாட்டுகள் மெய்ப்பிக்கப்படவில்லை. நீதிமன்றம் இசைவளிக்க, கிளாராவின் இருபத்தோராம் பிறந்தநாளுக்கு முந்தைய நாளான 1840 செப்டம்பர் 12இல் திருமணம் நிகழ்ந்தது.

காதல் மணமாயினும் இல்லறம் எளிதாக அமையவில்லை. கணவர் இசையமைக்கும் வேளையில் மனைவி பியானோவைத் தொடுதல் இயலாது. சுவர்களைத் தாண்டி ஒலி செல்லும். கணவர் வெளியே செல்லும் நேரமே மனைவியின் பயிற்சி நேரமாயிற்று. பதின்மூன்று ஆண்டுகளில் எட்டு மக்கள் பிறந்தனர். 1849இல் டிரெஸ்டனில் கிளர்ச்சி மூண்டபோது, கணவரையும் மூத்த மகளையும் நகருக்கு வெளியே கொண்டு சேர்த்துவிட்டு, ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்த நிலையிலும் இரவில் வயல்வெளி வழியே நகருக்குத் திரும்பிப் பிற மூன்று குழந்தைகளையும் மீட்டு வந்தவர் கிளாரா.

கைம்மையும் கடமையும்

1854 பிப்ரவரியில் மனநோயுற்றிருந்த ராபர்ட் ரைன் ஆற்றில் குதித்தார். மீட்கப்பட்டு, பான் நகருக்கருகே எண்டனிக் என்னும் இடத்திலிருந்த மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அப்போது கிளாராவின் வயிற்றில் எட்டாம் குழந்தை. ஈராண்டுக் காலத்திற்கும் மேலாகக் கணவரைக் காண மருத்துவர்கள் அவருக்கு இசைவளிக்கவில்லை. 1856 ஜூலையில், இறப்பதற்கு இரு நாள் முன்னரே அவரைக் காண முடிந்தது.

குடும்பத்தின் முழுப் பொறுப்பும் அவர்மேல் விழுந்தது. பிறர் உதவியை நம்பி வாழ அவர் விரும்பவில்லை. 1854 இலையுதிர் காலத்திலேயே கச்சேரிப் பயணத்தைத் தொடங்கிவிட்டார். ஜெர்மனி, ஆஸ்திரியா, இங்கிலாந்து, ரஷ்யா என அவர் செல்லாத இசைநகர் சிலவே. அவர் நிகழ்த்திய கச்சேரிகளின் நிகழ்ச்சி நிரல்கள் 1300க்கு மேல் இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. துயரங்களும் தொடர்ந்து வந்தன. மக்களுள் நால்வர் அவருக்கு முன்பே மறைந்தனர். ஒரு மகன் மனநோயால் மருத்துவமனையில் வாழ்ந்தார். மறைந்த மகன் பெர்டினாண்டின் பிள்ளைகளைப் பேணும் பொறுப்பும் பாட்டியாரிடமே வந்தது.

இத்தனைக்கும் இடையே மங்கிப்போனது ஒன்று உண்டு. அஃது அவருடைய இசையமைப்பு. 1853ஆம் ஆண்டுக் கோடையில் அழகிய பல படைப்புகளை இயற்றிய அவர், கணவர் மறைந்தபின் ஏறத்தாழ ஒன்றும் இயற்றவில்லை. பெண்ணொருத்தி இசையமைக்க ஆசைகொள்ளலாமா என்னும் ஐயத்தை இருபது வயதிலேயே நாட்குறிப்பில் பதிந்தவர் அவர். காலம் ஊட்டிய ஐயமும், வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த ஓயாத பயணமும் சேர்ந்து ஒரு படைப்பாளியின் குரலை அடக்கிவிட்டன. எஞ்சிய ஆற்றலைக் கணவரின் படைப்புகளை மேடையேற்றுவதிலும், 1881 முதல் அவற்றின் முழுத்தொகுப்பைப் பதிப்பிப்பதிலும் செலவிட்டார்.

ஆசிரியப் பணி

1878இல் பிராங்க்பர்ட் நகரில் தொடங்கப்பெற்ற ஹோக் இசைப்பள்ளி அவரைத் தலைமைப் பியானோ ஆசிரியராக அழைத்தது. தொடக்கத்தில் அங்குப் பணியாற்றிய ஆசிரியருள் பெண் அவர் ஒருவரே. கச்சேரிகளுக்குச் செல்ல விடுப்பும், தம் இல்லத்திலேயே பாடம் நடத்த இசைவும் பெற்றே அவர் பணியை ஏற்றார். மகளிர் மரியாவும் யூஜெனியும் துணையாசிரியராய் இருந்து மாணாக்கரை ஆயத்தம் செய்தனர்.

சுரக்கட்டையை ஓங்கி அடித்தலாகாது, விரலை அதன்மேல் படியவைத்து அழுத்தி ஒலியைப் பாடவைத்தல் வேண்டும் என்பது அவர் கற்பித்த நெறி. இசையமைத்தவர் எழுதியதைக் கூட்டாமலும் குறைக்காமலும் வாசித்தல் வேண்டும் என்பது மற்றொன்று. தம் வித்தகத்தைக் காட்ட மூலத்தைச் சிதைக்கும் கலைஞர் மலிந்திருந்த காலம் அது. நல்ல உரையாசிரியர் நூலின் முன் தம்மை மறைத்துக்கொள்வதுபோல, அவர் இசையின் முன் தம்மை மறைத்துக்கொண்டார். பானி டேவிஸ், அடெலினா டி லாரா, லியோனார்ட் போர்விக் முதலிய மாணாக்கர் அந்நெறியை இருபதாம் நூற்றாண்டுக்குக் கொண்டு சென்றனர். முன்னிருவரின் வாசிப்பு இசைத்தட்டுகளில் பதிவாகியுள்ளமையால், ஆசிரியரின் வழிமுறையை இன்றும் ஒருவாறு உணரலாம்.

1891 மார்ச்சில் கடைசிக் கச்சேரி. 1892இல் பணி ஓய்வு. 1896 மே 20ஆம் நாள் அவர் மறைந்தார். பான் நகரில் கணவரின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பெற்றார். 1990ஆம் ஆண்டு முதல் யூரோ நாணயம் வரும்வரை ஜெர்மனியின் நூறு மார்க் பணத்தாளில் அவர் உருவம் இடம்பெற்றிருந்தது. உழைத்து ஈட்டிய ஒவ்வொரு காசையும் கணக்கிட்டு மக்களை வளர்த்த ஒரு தாயின் முகம் நாட்டின் பணத்தாளில் பொறிக்கப்பட்டது பொருத்தமே.

கிளாராவின் கடமையுணர்வைப் போற்றுதல் எளிது, போற்றவும் வேண்டும். எனினும் அக்கடமையைத் தனியொருத்தியின் தோளில் ஏற்றிவிட்டு, அவள் எழுதாமல் விட்ட இசையைப்பற்றி எண்ணாதிருத்தல் முறையன்று. இன்று நம் இல்லங்களிலிருந்து கல்லூரிக்கு வரும் பெண்மக்களுள் எழுதவும் பாடவும் ஆய்வு செய்யவும் வல்லார் பலர். வீட்டுச் சுமையில் ஒரு பங்கைப் பிறரும் ஏற்றுக்கொண்டால், அவர்தம் ஆற்றல் கடமையின் பெயரால் பாதியில் நிற்காது. கிளாரா ஷூமனின் வரலாற்றைப் படிக்கும் பெற்றோரும் உடன்பிறந்தாரும் கருத்தில் கொள்ள வேண்டுவது இதுவே.